பெட்ஷீட்டால் ஜெயித்த இறுதி ஆட்டம்

போன மாசம் வளைகுடாவிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் சுரேஷ். நான் ஓய்வு பெற்றபோது விட்டுவந்த வேலையை இப்போது பார்ப்பவர்.

"சார், புது ஐஸ் வண்டி வந்திருக்கு. டிரைவரே வேணாம். தானா சுத்துது, தானா சொரண்டுது, தானா தண்ணி ஊத்துது. நாங்க ரூம்ல ஒக்காந்து டீ குடிக்கிறோம்."

"ரொம்ப நல்லது. குளிர்ல நின்னு என் முட்டி போனது போதும்" என்றேன். நிஜமாகவே எனக்குச் சந்தோஷம்தான்.

"விஷயம் அது இல்ல சார். அந்தப் பனிமூட்ட மேட்ச்சப் பத்தி இங்க ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. ஒருத்தர் ஒட்டகம் உள்ள பூந்துச்சுங்கறாரு. இன்னொருத்தர் நீங்க மேனேஜர அடிச்சீங்கங்கறாரு. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார், மாட்டி வெச்சுடறோம்."

ஒட்டகம் வரவில்லை. மேனேஜரை நான் அடிக்கவும் இல்லை. அவர் கையிலிருந்த சாவியைத்தான் வாங்கினேன். ஆகையால் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் கலியமூர்த்தி. மங்கலம்பேட்டை பக்கம் ஒரு கிராமத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் முந்திரியும் போடுகிற குடும்பத்தில் பிறந்தேன். இப்போது சிதம்பரத்தில் இருக்கிறேன். நடுவில் இருபத்திரண்டு வருஷம், பாலைவன ஊர் ஒன்றில் ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குத் தரை போட்டேன். தரை என்றால் ஐஸ் தரை. வெளியே தார் உருகும், உள்ளே மூக்கு உறையும். ஊர் பெயரையும் அரங்கத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் நம்ம ஆட்கள் வேலை பார்க்கிறார்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலில் கத்தி பதித்த பூட்ஸ். பக்கத்துக்கு ஆறு பேர், மொத்தம் மூன்று பகுதி ஆட்டம். பந்துக்குப் பதிலாக 'பக்' என்று ஒரு கறுப்பு ரப்பர் வட்டு, உள்ளங்கை அகலம் இருக்கும். மட்டையால் அதைத் தள்ளிக்கொண்டு போய் வலைக்குள் அடிக்க வேண்டும். முட்டல், மோதல், பல் உடைதல் எல்லாம் ஆட்டத்திலேயே சேர்த்தி.

எனக்கு இதில் எதுவும் தெரியாது. கடலூர் ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனம் படித்தேன். முதுநகர் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போடும் ஃபேக்டரியில் மூன்று வருஷம் இருந்தேன். அமோனியா கசிந்தால் கண்ணை மூடிக்கொண்டு வால்வைத் தேடிப் பிடிக்க அங்கேதான் கற்றேன். பிறகு சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் சில்லர் பிளான்ட்டில் ஆறு வருஷம். கல்யாணம் ஆகி, பெண் குழந்தை பிறந்த சமயத்தில், வளைகுடாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சென்னைக்குப் போனேன்.

"அமோனியா தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். "உப்புநீர் சர்க்குலேஷன் தெரியுமா?" தெரியும் என்றேன். "ஐஸ் ஹாக்கி தெரியுமா?" அதற்கும் தெரியும் என்றேன். அது ஒன்றுதான் பொய்.

அங்கே ஐஸுக்குத் தலைமை ஹெலன் மேடம். கனடாக்காரர். ஆறடி உயரம், ஒட்ட வெட்டிய நரைமுடி. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தினமும் காலையில் வந்ததும் ஐஸில் குப்புறப் படுத்து ஒரு கன்னத்தை அதில் வைப்பார். அப்படியே அந்த முனைவரைக்கும் பார்வையை ஓட்டுவார். எழுந்து கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "பதினாலாவது கண்ணாடிக்குக் கீழே மேடு" என்பார். ஐஸைச் சுற்றியுள்ள தடுப்பின் கண்ணாடிகளுக்கு நம்பர் உண்டு. போய்த் தடவிப் பார்த்தால் அரிசி அளவுக்கு ஒரு மேடு இருக்கும்.

கலியமூர்த்தி என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. 'காலி' என்று கூப்பிட்டார். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று கூட வேலை பார்த்த ஜாகிர் போய்ச் சொல்லிவிட்டான். அப்புறமும் அவர் மாற்றவில்லை. "வாக்கிடாக்கியில் கூப்பிட வசதியாக இருக்கிறது" என்றார்.

மேடத்துக்குக் கீழே ஐஸ் வேலைக்கு நாங்கள் ஆறு பேர், எல்லாரும் தமிழ் ஆட்கள். அதில் ஜாகிர் பரங்கிப்பேட்டைக்காரன். ஐஸ் தரையைச் சீவிச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டுபவன். எனக்கு ஒரு வருஷம் முன்பே அங்கே வந்தவன். சொந்த ஊர்ப் பக்கத்து ஆள் கிடைத்த சந்தோஷத்தில் முதல் நாளே என்னை மச்சான் ஆக்கிக்கொண்டான்.

முதல் வாரமே நான் பிடிபட்டேன். முதுநகர் ஃபேக்டரியில் டின்னில் தண்ணீரை நிரப்பி உப்புநீரில் இறக்கிவிட்டால் மறுநாள் பாளம் தயார். அரங்கத்திலும் அப்படித்தான் என்று நினைத்து, காய்ந்த கான்கிரீட் மேல் ஹோஸைத் திறந்துவிட்டேன். தண்ணீர் ஓடி, குளம் கட்டி, நடுவில் குமிழி குமிழியாக உறைந்து, மேலே கால் வைத்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஹெலன் மேடம் வந்து பார்த்தார். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"நீ ஐஸ் ஹாக்கி பார்த்ததே இல்லை, அப்படித்தானே?"

"இல்லை மேடம்."

"சரி. இப்போது உண்மையிலிருந்து ஆரம்பிக்கலாம்."

கான்கிரீட்டுக்குள் வரிசையாகக் குழாய்கள். அவற்றுக்குள் பூஜ்யத்துக்கு ஒன்பது, பத்து டிகிரி கீழே உப்புநீர் ஓடும். மேலே தண்ணீரைப் புகை மாதிரி தெளிக்க வேண்டும், இஸ்திரி போடும் முன்பு துணிக்குத் தெளிப்பதைவிட மெல்லிசாக. அது உறைந்த பிறகு அடுத்த தெளிப்பு. அப்படிக் காகிதம் காகிதமாகக் கனம் ஏற வேண்டும். அதன் மேல் வெள்ளைப் பெயின்ட். ஐஸுக்கு நிறம் கிடையாது. பெயின்ட் அடிக்காவிட்டால் கான்கிரீட்தான் தெரியும். அப்புறம் நீலக் கோடு, சிவப்புக் கோடு, மறுபடி தெளிப்பு. எல்லாம் முடிந்தால் கனம் ஒண்ணேகால் அங்குலம். அதற்கு மூன்று நாள் ஆகும்.

ஆட்டத்தின் இடைவேளைகளில் ஜாகிர் வண்டியில் வந்து மேல்தோலைச் சீவிவிட்டுத் தண்ணீர் விடுவான். அது சுடுதண்ணீர். நான் பதறிப்போய், "கரைஞ்சிடாதா மேடம்?" என்று கேட்டேன்.

"கரையத்தான் வேண்டும். மேல்தோல் கொஞ்சம் இளகினால்தான் புதுத் தண்ணீர் அதோடு ஒட்டும். பச்சைத் தண்ணீர் ஒட்டாமல் தனியாக உட்காரும், செதில் செதிலாக உரிந்து வரும்" என்றார்.

யாராவது தப்பு செய்தால் அவர் திட்டமாட்டார். ஐஸ் ஹாக்கியின் பழைய கதை ஒன்றைச் சொல்வார். எங்களுக்கு அதுதான் தண்டனை, அதுதான் பாடம். ஒரு தடவை ஃப்ரிட்ஜைத் திறந்தால் பக் எல்லாம் உள்ளே கிடந்தது. யாரோ தெரியாமல் வைத்துவிட்டார்கள் என்று எடுத்து வெளியே அடுக்கிவிட்டேன். ஹெலன் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார். "ரொம்பக் காலத்துக்கு முன்னால், கனடாவின் கிராமங்களில் பையன்கள் உறைந்த சாணியை வைத்தே ஆடினார்கள் என்று சொல்வார்கள். அது குதிக்காது. ரப்பர் குதிக்கும். உறைய வைத்தால்தான் அடங்கி வழுக்கும். ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, காலி." நான் ஓடினேன்.

நடுக்கோட்டை ஒரே சிவப்பாக இழுத்துவிட்ட நாளில் டி.வி. கதை வந்தது. கறுப்பு வெள்ளை டி.வி. காலத்தில் பார்ப்பவர்களுக்குச் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகத் தெரிந்ததாம். அதனால்தான் நடுக்கோட்டை மட்டும் கட்டம் கட்டமாக விட்டு வரைகிறார்கள். நான் வரைந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தேன்.

ஜாகிருக்குப் பிடித்தது ஆக்டோபஸ் கதை. அமெரிக்காவில் ஓர் ஊரில் மீன்கடை வைத்திருந்த அண்ணன் தம்பிகள், கோப்பையை ஜெயிக்க அந்தக் காலத்தில் எட்டு ஆட்டம் வெல்ல வேண்டும் என்பதால், எட்டுக் கை உள்ள ஆக்டோபஸ் ஒன்றைக் கொண்டுபோய் ஐஸில் வீசினார்களாம். அணி ஜெயித்தது. அதிலிருந்து அந்த ஊரில் அது வழக்கமாகிவிட்டது. வேகவைத்துத்தான் வீச வேண்டும். பச்சையாக வீசினால் ஐஸில் ஒட்டிக்கொள்ளும்.

"பேய்க்கணவாயா?" என்றான் ஜாகிர். "எங்க ஊர்ல வலையில வந்தா சும்மா தூக்கிப் போடுவோம் மச்சான். இவுங்க காசு குடுத்து வாங்கி, வேகவெச்சுத் தூக்கிப் போடுறாங்க பாரேன்."

இப்படியே வருஷங்கள் போயின. இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

எங்கள் அரங்கத்தில் ஒவ்வொரு கோடையிலும் நான்கு தொழில்முறை அணிகள் மோதும் கோப்பைப் போட்டி நடக்கும். எங்கள் அணிக்குக் கேப்டன் யூசுப். அந்த ஊர்க்காரர், முன்பல் இரண்டு கிடையாது. மற்றவர்கள் சம்பளத்துக்கு வந்த ரஷ்யர், செக், கனடாக்காரர்கள். எங்கள் அணி ஒரு தடவைகூடக் கோப்பையை ஜெயித்ததில்லை. அந்த வருஷம் முதல் முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரில் ஐரோப்பாவிலிருந்து வந்த அணி, போன வருஷக் கோப்பை அவர்களுடையது.

நான்கு நாள் இருக்கும்போது ஹெலன் மேடம் விழுந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க ஐஸில் நடந்தவர், வீட்டு பாத்ரூமில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஒரு தாளில் எழுதி அனுப்பினார்: "இறுதி ஆட்டத்துக்கு ஐஸ் காலியின் பொறுப்பு."

ஆட்டத்தன்று காலை நிகழ்ச்சி மேனேஜர் என்னைத் தேடி வந்தார். துவக்க விழாவை நடத்துபவர். விருந்தினர்களைப் பழைய காலத்துக் கார்களில் ஊர்வலமாக அரங்கத்துக்குள்ளேயே கூட்டிவரப் போவதாகச் சொன்னார். அதற்கு லாரி வரும் பெரிய ஷட்டரைத் திறக்க வேண்டும். அந்த ஷட்டர் கடல் பார்த்த பக்கம்.

"எவ்வளவு நேரம் திறந்திருக்கும் சார்?"

"ஐந்து நிமிஷம்."

கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். ஜாகிர் பின்னால் நின்று தமிழில் சொன்னான். "மச்சான், இவுரு அஞ்சு நிமிஷம்னா அரை மணி நேரம். வெளிய காத்துல ஈரம் ஜாஸ்தியா இருக்கு. போடாத."

எனக்கும் தெரியும். முதுநகரில் ஐஸ் ரூம் கதவை மீனவர்கள் திறந்து வைத்துக்கொண்டு பேரம் பேசினால் உள்ளே ஆள் முகம் தெரியாமல் புகை அடைக்கும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். அவர் கோட்டு போட்டிருந்தார், நான் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தேன். அதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஷட்டர் சாவியும் அவர் கைக்குப் போனது.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஊர்வலம் ஆரம்பித்தது. ஒரு கார் வந்தது, போட்டோ எடுத்தார்கள். அடுத்த கார், அடுத்த போட்டோ. அரை மணி ஆன பிறகும் ஒரு பெரிய மனிதர் வரவில்லை என்று ஷட்டரைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஆட்டத்தையும் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் ஐஸ் மேல் பால் ஆடை மாதிரி ஒரு வெள்ளை. பார்வையாளர்கள் ஏதோ அலங்காரம் என்று கைதட்டினார்கள். அது கணுக்கால் ஏறி, முட்டி ஏறி, இடுப்புக்கு வந்தது. ஆட்டக்காரர்கள் பாதி உடம்போடு மிதந்தார்கள். பக் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஐரோப்பிய அணிக்காரர் ஒருவர் பாதித் தூரத்திலிருந்து குத்துமதிப்பாக ஒன்று அடித்தார். எங்கள் வலையில் கோலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கள் கோல்கீப்பர் அப்போதும் வேறு பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் விசில் ஊதினார். மணியைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். "இருபது நிமிஷம். இந்த வலையில் நின்றால் அந்த வலை எனக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆட்டம் ரத்து."

ரத்தானால் விதிப்படி கோப்பை பழைய வெற்றியாளரிடமே இருக்கும். யூசுப் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் திட்டியிருக்கலாம்.

வாக்கிடாக்கியில் பிளான்ட் ரூம் ஆள் கத்தினார். "அண்ணே, கம்ப்ரஸர முழுசா ஏத்திடட்டுமா?"

ஏத்து என்று சொல்ல வாயெடுத்தேன். என்னவோ தோன்றி, முதலில் ஹெலன் மேடத்துக்குப் போன் போட்டேன்.

"எவ்வளவு உயரம்?" டி.வி.யில் வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இடுப்பு வரைக்கும் மேடம். கம்ப்ரஸரை ஏத்தப் போறேன்."

"தொடாதே. ஐஸ் இன்னும் குளிர்ந்தால் இன்னும் புகை சமைப்பாய். ஷட்டர்?"

நான் திறந்து கிடந்த வாசலைப் பார்த்தேன்.

"காலி, ஷட்டர்?"

"திறந்திருக்கு. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அதை நாளைக்குப் பேசலாம். முதலில் அதை மூடு. ஈரம் உறிஞ்சும் மெஷின் எல்லாம் ஓடட்டும். இருபது நிமிஷத்துக்கு அது போதாது. கேள், அமெரிக்காவில் ஓர் இறுதிச் சுற்று. வெயில் காலம், அரங்கத்தில் ஏ.சி. கிடையாது. உள்ளே இதே புகை. ஒரு வௌவால் வேறு பறந்துவந்தது. ஆட்டக்காரர் ஒருவர் அதை மட்டையாலேயே அடித்துவிட்டார்."

"மேடம், இப்பப் போயி கதையா?"

"கதை இல்லை, வைத்தியம். ஆட்கள் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு ஐஸைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கீழே கிடக்கும் குளிர்ந்த காற்றை மேலே இருக்கும் காய்ந்த காற்றோடு கலக்க வேண்டும். அவ்வளவுதான். பெட்ஷீட் இருக்கிறதா?"

"இங்க ஏது மேடம்?"

"பக்கத்துக் கட்டடம் என்ன?"

ஹோட்டல்! "ஜாகிர், பெட்ஷீட்! எவ்ளோ முடியுமோ!" என்று கத்திவிட்டு ஷட்டரை நோக்கி ஓடினேன்.

மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். சாவி அவர் விரலில் தொங்கியது.

"சார், ஷட்டர மூடணும்."

"இன்னும் ஒரு கார் வர வேண்டும்."

"முன்வாசல் வழியா வரட்டும்."

"யாரிடம் பேசுகிறாய் தெரியுமா? நாளைக் காலை ஃப்ளைட்டில் உன்னை ஏற்றிவிடுவேன்."

மகள் ஸ்கூல், கட்டிக்கொண்டிருந்த வீடு எல்லாம் கண்ணில் வந்தது. ஆனால் காலையில் தலையாட்டியதுதான் இவ்வளவுக்கும் காரணம் என்பதும் வந்தது. "ஏத்துங்க சார். இன்னைக்கு ஐஸ் என் பொறுப்பு" என்று சொல்லி அவர் விரலிலிருந்து சாவியைக் கழற்றினேன். அவர் தடுக்கவில்லை. யாரும் அவரிடம் அப்படிச் செய்ததில்லை போலிருக்கிறது, பார்த்துக்கொண்டே நின்றார். சாவியைத் திருப்பினேன். ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

ஜாகிர் லக்கேஜ் தள்ளும் வண்டி நிறைய வெள்ளைத் துணியோடு ஓடிவந்தான். ஹோட்டல் லாண்டரியில் இருந்தவர் விருத்தாசலத்துக்காரர். "மாமா, மேட்ச்சு போயிடும் மாமா, கறை ஆனா நான் தோச்சுத் தர்றேன் மாமா" என்று கெஞ்சியிருக்கிறான். அவர் எண்ணாமல் அள்ளிக் கொடுத்துவிட்டு, தானும் கூடவே ஓடிவந்தார். நாற்பது டபுள் பெட்ஷீட்டாவது இருக்கும்.

எங்கள் அணியினர் ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு வீசினார்கள். பலிக்கவில்லை. புகை இங்கே விலகி அங்கே சேர்ந்தது. இரண்டு பேர் துணியில் சிக்கி விழுந்தார்கள். கூட்டம் சிரித்தது. ஏழு நிமிஷம் போய்விட்டது.

"மச்சான், இது துணி ஒதர்ற வேலை இல்ல" என்றான் ஜாகிர். "கரைவலை. நீளமாக் கட்டு. ரெண்டு பக்கமும் சரிசமமா இழுக்கணும்."

பரங்கிப்பேட்டை கடற்கரையில் அவன் தினம் பார்த்தது அது. கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று, கடலுக்குள் போட்ட வலையை ஒரே தாளத்தில் இழுப்பார்கள். பெட்ஷீட்டுகளை முனைக்கு முனை முடிந்தோம். அரங்கத்தின் அகலத்துக்கு மூன்று நீள வலை ஆயிற்று. ஆனால் இழுக்க எங்கள் ஆட்கள் போதவில்லை. எதிரணிக்காரர்கள் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் கோச் கையை விரித்தார். "இது எங்கள் வேலை இல்லை." அவர் சொன்னது நியாயம்தான். ஆட்டம் நின்றால் கோப்பை அவர்களுடையது.

அவர்களுடைய கோல்கீப்பர் எழுந்தார். தாடி நரைத்த ஆள், அதுதான் அவருடைய கடைசி வருஷம் என்று பிறகு கேள்விப்பட்டேன். முகமூடியைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். "பார்க்க முடியாத ஆட்டத்தில் வாங்கிய கோப்பையை என் பிள்ளைகளிடம் எப்படிக் காட்டுவேன்?" என்று கோச்சிடம் சொல்லிவிட்டு, தடுப்பைத் தாண்டி வந்து ஒரு முனையைப் பிடித்தார். அவர் பின்னால் ஒருவர், இருவர், கடைசியில் மொத்த அணியும் இறங்கியது.

ஜாகிர் ரப்பர் பூட்ஸோடு நடுவில் போய் நின்றான். புகையில் அவன் தலையும் கையும் மட்டும் தெரிந்தன. "ஏலேலோ!" என்று குரல் கொடுத்தான். நான், "ஐலசா!" என்றேன். அடுத்த முறை யூசுப்பும் சொன்னார். மூன்றாவது முறை ரஷ்யர், செக், கனடாக்காரர், எதிரணி எல்லாரும் சேர்ந்து "ஐலசா!" என்று இழுத்தார்கள். வலை ஐஸை ஒட்டிப் போய், அந்த முனையில் ஒரே வீச்சில் மேலே எழும்பியது. அதன் பின்னாலேயே இரண்டாவது வலை, அப்புறம் மூன்றாவது. கூட்டம் சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றது. ஆயிரம் வாய் "ஐலசா" சொன்னது. அதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள் எங்கள் ஆறு பேரும் அந்த லாண்டரிக்காரரும்தான்.

ஐந்தாவது சுற்றில் சிவப்புக் கோடு தெரிந்தது. எட்டாவது சுற்றில் நடுவர் ஒரு வலையின் முன் போய் நின்றார். குனிந்து பார்த்தார். கையைத் தூக்கி அந்தப் பக்க வலையைக் காட்டினார். கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

வேலை அதோடு முடியவில்லை. ஈரம் ஐஸ் மேல் முத்து முத்தாக உறைந்திருந்தது. அதில் பக் ஓடினால் தவளை மாதிரி தாவும். ஜாகிர் வண்டியில் ஏறினான்.

"தண்ணி விடாத. வெறும் கத்தி" என்றேன்.

"தெரியும் மச்சான்" என்றான். ஒரு சொட்டு விடாமல் மேல்தோலை மட்டும் சீவிக்கொண்டு வந்தான். நான் போய்க் குப்புறப் படுத்தேன். கன்னத்தை வைத்தேன். ஹெலன் மேடம் தினமும் என்ன பார்க்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எங்கேயும் தடுக்காமல் ஓடியது. எழுந்து நடுவருக்குத் தலையசைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது யூசுப்பின் வேலை. இரண்டாம் பகுதியில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். ஆட்டம் நின்ற போதெல்லாம் இரண்டு அணியும் தாங்களாகவே பெட்ஷீட் வலையை எடுத்து இரண்டு சுற்று இழுத்தார்கள். மூன்றாம் பகுதியும் சமன். கூடுதல் நேரத்தில், அந்த நரைத்த தாடிக்காரரின் இடது காலுக்கும் கம்பத்துக்கும் நடுவில், பக் நுழையுமா என்று சந்தேகப்படும் இடைவெளியில், யூசுப் அடித்தார். அது ஐஸைவிட்டு ஒரு நூல்கூட எழும்பாமல் வழுக்கிக்கொண்டே போய் உள்ளே விழுந்தது. அரங்கம் இடிந்துவிடும் போலச் சத்தம். நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஜாகிர் வண்டியின் ஹாரனை விடாமல் அடித்தான்.

கோப்பையைக் கொடுத்ததும் யூசுப் எங்கள் ஆறு பேரையும் ஐஸுக்கு அழைத்தார். நான் பின்வாங்கினேன். ஐஸ் ஹாக்கியில் ஒரு நம்பிக்கை உண்டு, கோப்பையை ஜெயிக்காதவன் அதைத் தொடக்கூடாது.

"நான் தொடக்கூடாது கேப்டன்."

"நீ ஜெயிக்கலையா?" என்று கேட்டார் யூசுப். என் கையில் வைத்துவிட்டார். நல்ல கனம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹெலன் மேடம் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐஸ் எப்படி இருந்தது?"

"பதினாலாவது கண்ணாடிக்குக் கீழகூட மேடு இல்ல மேடம்."

தலையாட்டினார். கையெழுத்து விஷயத்தை நானே எடுத்தேன். அவர் சொன்னார். "இனி யாராவது ஷட்டருக்குக் கையெழுத்துக் கேட்டால், வெளியே வெயிலில் நிற்க வைத்துப் பேசு. கோட்டு நனைந்தால் அவர்களுக்கே புரிந்துவிடும்." அத்தோடு முடிந்தது. என்னை யாரும் ஃப்ளைட்டில் ஏற்றவில்லை. அடுத்த வருஷம் வேறொருவர் விழா நடத்தினார். ஷட்டர் சாவி என் இடுப்புக்கு வந்து, நான் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தது.

ஆனால் ஃப்ளைட் ஏறினேன், வேறு காரணத்துக்காக. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜெயித்த அணியில் ஒவ்வொருவருக்கும் கோப்பை ஒரு நாள் சொந்தம். அவரவர் ஊருக்கு எடுத்துப் போவார்கள். அதில் குழந்தையை உட்கார வைத்தவர்கள் உண்டு, குதிரைக்குத் தீனி வைத்தவர்கள் உண்டு. யூசுப் அதே வழக்கத்தை எங்களுக்கும் வைத்தார். ஐஸ் ஆட்களுக்கும் ஒரு நாள். நானும் ஜாகிரும் லீவு போட்டுக் கோப்பையைச் சென்னைக்குக் கொண்டுவந்தோம்.

கஸ்டம்ஸில் நிறுத்தினார்கள். "வெள்ளியா?" "வெள்ளிப் பூச்சு சார்." "என்ன கப்பு?" கிளப் கொடுத்த கடிதத்தைக் காட்டினேன். அதிகாரி இரண்டு தடவை படித்தார். "சிதம்பரத்துக்காரங்க ஐஸ் ஹாக்கியில ஜெயிச்சிருக்கீங்களா?" என்றார். பிறகு கோப்பையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

கார் பயணத்தில் ஜாகிர் அதை மடியைவிட்டு இறக்கவே இல்லை. ஹெலன் மேடம் சொல்லி அனுப்பிய கதைதான் காரணம். அந்தக் காலத்தில் ஓர் அணி, கார் டயர் பஞ்சராகி, மாற்றுவதற்காகக் கோப்பையை ரோட்டோரப் பனியில் இறக்கி வைத்துவிட்டு, மறந்து விருந்துக்குப் போய்விட்டதாம். திரும்பி வந்து பார்த்தபோது அங்கேயே இருந்ததாம். "கனடாவுல இருந்துச்சு மச்சான். திண்டிவனத்துல இருக்குமா?" என்றான் ஜாகிர்.

முதுநகரில் பழைய ஐஸ் ஃபேக்டரிக்குள் நுழைந்தோம். என்னோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் இன்னும் இருந்தார்கள். கோப்பை நிறைய ஐஸை உடைத்துப் போட்டு நன்னாரி சர்பத் ஊற்றி எல்லாரும் ஒரு வாய் குடித்தோம். அடியில் எங்கள் பெயர்களைப் பொறித்திருந்ததைக் காட்டினேன். என் பெயர் 'காலி மூட்டி' என்று இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். உலகத்திலேயே பெரிய ஹாக்கிக் கோப்பையிலும் ஜெயித்தவர்கள் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

சிதம்பரத்தில் வீட்டு வாசலில் என் மனைவி தனலட்சுமி கோப்பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் பெருமையாக நின்றேன்.

"உள்ள ஈயம் பூசியிருக்கா?" என்றாள்.

"எதுக்கு?"

"பாயசம் ஊத்தத்தான்."

ஊற்றினாள். ஜாகிரின் அம்மா பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து முதல் கரண்டி குடித்தார். தெருவில் உள்ள குழந்தைகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கோப்பைக்குள் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஒன்று உள்ளேயே ஈரம் செய்துவிட்டது. கழுவினோம். சாயங்காலம்வரை வீட்டுக்கும் தெருவுக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியாக, அடுத்த தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் வந்தார். கோப்பையைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார்.

"என்னா ஆட்டம்பா இது?"

"ஐஸ் ஹாக்கிண்ணே. ஐஸ் மேல ஓடி ஆடுறது."

"ஐஸ் மேலயா?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "வழுக்காது?"

"வழுக்கணும்ண்ணே" என்றேன். "அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."